டோக்கன் நம்பர் பதினாலு

போன வியாழக்கிழமை மதியம், நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான வடக்குத்து டீக்கடை வாசலில், ஒரு மனைவி தன் சொந்தக் கணவரைப் பார்த்து, "பதினாலு யாருங்க... பதினாலு வாங்க" என்று கூப்பிட்டார்.

கணவரும் தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவர் மாதிரி பவ்யமாக எழுந்து வந்தார். தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. இருவருக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். முன்பின் பார்த்ததே இல்லை என்பது போல இருவர் முகமும்!

நான் சிரித்த சிரிப்பில் என் கண்ணாடி கழன்று பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். வாரா வாரம் என் மிக்ஸி ரிப்பேரையும் முட்டிவலியையும் பொறுத்துக்கொள்கிற நீங்கள், இந்த வாரம் கொஞ்சம் உலக விஷயம் கேட்க வேண்டும். நாடு விட்டு நாடு போகிற அரசுத் திட்டங்களைப் பற்றி... அட, பக்கத்தைத் திருப்பாதீர்கள்! பதினாலாம் நம்பரை விட்டு நகர மாட்டேன், சத்தியம்.

அந்த மனைவியின் பெயர் லூர்து மேரி. வடக்குத்தில் சுகாதாரத் தன்னார்வலர். நான் நெய்வேலி நகரியத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது அவள் மகள் என்னிடம் படித்தாள். மகள் படித்து முடித்துப் போய்விட்டாள்; அம்மா சிநேகிதியாக மிஞ்சினாள். இன்றும் நான் அவளுக்கு "டீச்சர்"தான்.

ஒவ்வொரு வியாழனும் காலையில் ஊர்ச் சமூகக் கூடத்தில் லூர்து மேரி முகாம் போடுவாள். பிபி பார்க்கலாம், சுகர் பார்க்கலாம், எல்லாம் இலவசம். பெண்கள் வருவார்கள். ஆண்கள்? மைன்ஸில், அதாவது நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில், காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஆண்களில் ஒரு தலைகூட எட்டிப் பார்க்காது.

சுகாதாரத் துறை மேலதிகாரி வந்து பார்த்தார். "இந்த மாசக் கடைசிக்குள்ள ஆம்பளைங்க வரலன்னா, முகாமை வேற ஊருக்கு மாத்திடுவோம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? பாதி ஊர் கை நீட்டாத மிஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லூர்து மேரி அன்று என் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டாள். முகாம் போவது ஒரு பக்கம். அவள் கவலைக்கு இன்னொரு பெயர் இருந்தது – சவரிமுத்து. அவள் கணவர். கன்வேயர் பெல்ட்டில் காண்ட்ராக்ட் வேலை. அவருடைய அண்ணன் இதே பிபியைக் கவனிக்காமல் விட்டு, ஒரு கை ஒரு கால் விழுந்து கட்டிலோடு கிடக்கிறார். இப்போது தம்பியும் தினம் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். நெற்றியில் தைலத்தைப் பூசிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார்.

"ஊரு பூரா பிபி பாக்கறேன் டீச்சர். எங்கூட்ல ஒரு கைய புடிக்க முடியல. மிஷின வூட்டுக்கு எடுத்தாந்தா பாத்ரூமுக்குள்ள போயி தாப்பா போட்டுக்கறாரு. இன்னா பண்ண நானு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

இந்த இடத்தில்தான் நிவேதிதா உள்ளே வருகிறாள். என் அக்கா மகள். சென்னையில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் வேலை. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: எந்த நாட்டில் எந்தத் திட்டம் உண்மையிலேயே பலன் தந்தது என்று சோதித்துப் பார்ப்பது, தந்தால், மற்ற நாடுகளுக்கும் எடுத்துச் சொல்வது. "அதுக்கெல்லாம் சம்பளம் குடுக்குறாங்களா?" என்று என் அக்காவே கேட்டிருக்கிறாள்.

பலாப்பழ சீசனுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். லூர்து மேரி சொன்னதைக் கேட்டதும் கையில் இருந்த பலாச்சுளையைக் கீழே வைத்தாள். நிவேதிதா பலாச்சுளையைக் கீழே வைக்கிறாள் என்றால் விஷயம் பெரிசு.

"சித்தி, இது ரொம்ப சிம்பிள். ஜனங்க வேணும்னு வராம இருக்கறதில்ல, மறந்துடறாங்க. வெளிநாட்ல நிறைய இடத்துல செஞ்சு பாத்த விஷயம் இது. போன்ல ஒரு மெசேஜ் அனுப்பி ஞாபகப்படுத்தணும். அதுலயும், 'உங்க பேர்ல ஓர் இடம் எடுத்து வெச்சிருக்கோம்'னு சொன்னா, நமக்காகக் காத்திருக்காங்களேன்னு வந்துடுவாங்க."

எவ்வளவு அழகான யோசனை! சரி, மெசேஜை யார் எழுதுவது?

இருக்கவே இருக்கிறேனே நான். வாராவாரம் பத்தி எழுதுகிறவள்! பேனாவை எடுத்தேன். ஒரே மூச்சில் எழுதினேன்:

'திரு. சவரிமுத்து அவர்களுக்கு: மருத்துவப் பரிசோதனைப் பட்டியலில் தங்கள் பெயர் இடம்பெற்றுள்ளது. வியாழன் காலை 9 மணிக்குத் தவறாமல் ஆஜராகவும்.'

படித்துப் பார்த்தேன். என்ன ஒரு கம்பீரம்! முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து நோட்டீஸ் போர்டு சர்க்குலர்களையே படித்து வளர்ந்த தமிழ் ஆயிற்றே, சும்மாவா? நிவேதிதா அவசரத்தில் சரி என்றாள். பெயரை மட்டும் மாற்றி மாற்றி எல்லா ஆண்களுக்கும் லூர்து மேரி அனுப்பினாள்.

வியாழன் காலை ஒன்பது மணி. மூன்று பேரும் சமூகக் கூடத்தில் ரெடி. நாற்காலி போட்டாகிவிட்டது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கயிறுகூடக் கட்டியிருந்தேன்.

ஒன்பதரை... பத்து...

ஒருத்தரும் இல்லை. வழக்கமாக வரும் பெண்களையும் காணோம்! பத்தேகாலுக்கு ஒரு பெரியவர் மட்டும் வந்தார். கையை நீட்டிக்கொண்டே, "இன்னா இன்னிக்கு ஜனமே காணோம்?" என்றார். அவரிடம் போன் கிடையாது. என் மெசேஜைப் படிக்காத ஒரே மனிதர் அவர்தான்!

அன்று காலை பண்ருட்டி பக்கம் போன பஸ்ஸில் உட்கார இடமில்லை என்று கேள்வி. சவரிமுத்து விடியற்காலையிலேயே கிளம்பித் திருவதிகையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பத்து மாதமாகப் பார்க்காத தங்கை மேல் அன்றைக்கென்று ஒரு பாசம்.

மறுநாள் லூர்து மேரி வீட்டுக்கு நானும் நிவேதிதாவும் போனோம். சவரிமுத்து அரைப் பலாப்பழத்தோடு திரும்பியிருந்தார். நல்ல மனிதர். எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் ஓடியது எங்களைப் பார்த்தல்ல என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"ஏன் சார் வரல?" என்று நிவேதிதா நேரடியாகவே கேட்டாள்.

"வந்துருப்பேம்மா. பட்டியல்ல பேரு இருக்குன்னு போட்டுக்கிதே? எந்தப் பட்டியலு, யாரு எழுதினது, அது எங்க போவும்? நாளைக்கே காண்ட்ராக்டர் கைக்குப் போயிடுச்சின்னு வெச்சுக்க... கேட் பாஸ் புதுப்பிக்கற நேரத்துல, இவனுக்கு பிபி, கொஞ்ச நாளு வூட்ல குந்தட்டும்னு சொல்லிட்டாங்கன்னா? என் தலவலி எனக்கு மட்டும் தெரியற வரைக்கும்தான்மா அது தலவலி. மிஷின்ல தெரிஞ்சிட்டா அது லிஸ்டு."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மைன்ஸுக்குள் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கேட் பாஸ்தான் உயிர். வருகிற சோறு அதன் வழியாகத்தான் வருகிறது. அப்படி யாரையாவது உண்மையிலேயே வீட்டுக்கு அனுப்பினார்களா? சவரிமுத்துவுக்கே தெரியவில்லை. எப்போதோ, யாரையோ, எங்கேயோ என்றுதான் சொன்னார். ஆனால் பயத்துக்கு அத்தாட்சி எதற்கு? பர்மனென்ட்காரருக்குத் தலைவலி வந்தால் லீவு. காண்ட்ராக்ட்காரருக்கு வந்தால் தைலம். இத்தனை வருஷம் நகரியத்தில் இருந்தும் இது என் மண்டையில் உறைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

போதாக்குறைக்குக் காலை ஒன்பது மணி! முதல் ஷிப்ட்காரர் மைன்ஸில் இருப்பார். நைட் ஷிப்ட்காரர் தூக்கத்தில் இருப்பார். மிச்சம் இரண்டாவது ஷிப்ட்காரர் ஒருவர்தான், அவரும் திருவதிகை பஸ்ஸில்.

நிவேதிதா துள்ளிக் குதித்தாள். நிஜமாகவே குதித்தாள் – சவரிமுத்து பயந்து பலாப்பழத்தை நகர்த்தி வைத்தார்.

"சித்தி, சூப்பர்! மறதின்னு நெனச்சோம். மறதியே இல்ல, பயம்! பயந்தவங்களுக்குப் போய் ஞாபகப்படுத்தியிருக்கோம். மறந்தவங்க வருவாங்க. பயந்தவங்க ஓடத்தானே செய்வாங்க?"

தோற்றுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஜாதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

எனக்குப் புரிந்த மட்டில் விஷயம் இதுதான். பக்கத்து வீட்டம்மாவின் ஜாக்கெட் அவருக்குக் கச்சிதமாக இருக்கிறது என்று அதையே அளவுக்குக் கொடுத்துத் தைத்தால் நமக்குப் பொருந்துமா? டிசைனைக் காப்பி அடிக்கலாம். தப்பே இல்லை. அளவை நம்மிடம்தான் எடுக்க வேண்டும். அந்த ஊரில் அந்த மெசேஜ் எந்த வியாதியைத் தீர்த்தது, அதே வியாதி இந்த ஊரில் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. மேற்கொண்டு அந்த ஜாக்கெட்டில் என் சர்க்குலர் தமிழ் எம்ப்ராய்டரி வேறு!

இரண்டாவது திட்டத்தை மூன்று பேரும் சவரிமுத்து வீட்டிலேயே உட்கார்ந்து போட்டோம். அவரும் தூரத்திலிருந்து, தனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி, யோசனை சொன்னார். பெயர் வேண்டாம். பட்டியல் வேண்டாம். ஒரு அட்டை, அதில் ஒரு நம்பர். பிபி எவ்வளவு என்று அந்த அட்டையிலேயே எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். நோட்டில் எதுவும் ஏறக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், எந்தெந்தத் தெரு – அதிகாரிக்கு இவ்வளவு போதும். இடம் சமூகக் கூடம் இல்லை. முதல் ஷிப்ட் முடிந்து வண்டி வந்து நிற்குமே, அந்த டீக்கடை வாசல்.

டீக்கடைக்காரர் சம்மதித்தார். ஆனால் பிபி பார்ப்பதற்கு முன்னால் அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், டீ குடிக்கக் கூடாது என்று லூர்து மேரி சொன்னதும் அவருக்குக் குழப்பம். "டீ குடிக்காம ஒக்காந்துகினு இருக்கறதுக்கு எதுக்குங்க டீக்கடை?" என்றார். நியாயமான கேள்விதான். பார்த்து முடித்ததும் எல்லோரும் டீ குடித்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

இதோடு விட்டாளா நிவேதிதா? "நல்லா இருக்கும்னு நாம நெனச்சா போதாது சித்தி. போன தடவையும் அப்படித்தானே நெனச்சோம்? சோதிச்சுப் பாக்கணும்." என் வீட்டுக்குத் திரும்பியதும் ஊரின் நாலு தெருப் பெயரையும் சீட்டில் எழுதி என் டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினாள். வருகிற இரண்டு தெருவுக்கு டோக்கன். மற்ற இரண்டு தெருவுக்கு இந்த வாரமும் அதே பழைய மெசேஜ், நேரமும் இடமும் மட்டும் மாற்றி. அடுத்த வாரம் அவர்களுக்கும் டோக்கன்.

அதாவது என் தமிழைத் தோற்கடிக்கவே ஓர் ஏற்பாடு! மனசுக்குள் என் மெசேஜ் தெருக்களுக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொண்டேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

சீட்டு எடுத்தோம். லூர்து மேரியின் தெரு டோக்கன் பக்கம் வரவில்லை.

அவள் முகம் விழுந்துவிட்டது. "எங்க தெரு சீட்ட மட்டும் மறுபடி எடுக்கக் கூடாதா பாப்பா? அவரு வர்றாப்பல இருந்தாரு... இப்பதான் மனசு எறங்கி வந்துகினு இருந்தாரு."

"ஒரே வாரம்தாங்க்கா" என்றாள் நிவேதிதா. அவளுக்கும் கஷ்டம்தான். "நமக்கு வேணுங்கற மாதிரி எடுத்தா அப்புறம் இது சோதனையே இல்லக்கா."

நான் யார் பக்கம் பேசுவது? பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

வியாழன் மதியம். வண்டி வந்து நின்றது. மனிதர்கள் இறங்கினார்கள். சட்டையெல்லாம் கரித்தூள். பார்த்தார்கள், தயங்கினார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். "பேரு சொல்ல வேணாமே?" "வேணாங்க, நம்பர் போதும்." உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னொருவர். பெஞ்சு நிறைந்தது. அப்புறம் சைக்கிள் கேரியரில், கல்லின் மேல், மைல்கல்லின் மேலெல்லாம் ஆள்! டீக்கடை வாசலில் அத்தனை ஆண்கள் டீயும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, போகிற பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

மெசேஜ் தெருக்களிலிருந்து வந்தது எத்தனை பேர்? ஒருவர். அந்தப் போன் இல்லாத பெரியவர்.

நிவேதிதாவின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு. அப்போதுதான் அந்த ஹெல்மெட் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தது.

கையில் பதினாலாம் நம்பர் அட்டை. ஹெல்மெட் கண்ணாடியை மூக்கு வரை இறக்கி விட்டிருந்தார். ஆனால் அன்று காலை தன் கையால் அலசிக் காயப்போட்ட சட்டையை ஒரு பெண்சாதிக்குத் தெரியாதா? லூர்து மேரியின் கையிலிருந்த பேனா நின்றது. தெருக்கோடி நண்பர் ஒருவர் தனக்கும் நைட் ஷிப்ட் தம்பிக்குமாக இரண்டு அட்டை வாங்கி, தம்பியின் அட்டையை இவரிடம் கொடுத்திருக்கிறார்.

நிவேதிதா என் காதில் சீறினாள். "சித்தி, இவரு மெசேஜ் தெரு! இவரைச் சேத்தா என் சோதனை காலி."

"அனுப்பிடலாமா?"

அவள் லூர்து மேரியைப் பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். ஒரு பெரிய மூச்சு விட்டு நோட்டுப் புத்தகத்தை மூடி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அந்த நிமிஷம் அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"பதினாலு யாருங்க... பதினாலு வாங்க."

லூர்து மேரி பட்டையைச் சுற்றினாள். ஒரு தடவை பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, மறுபடி பார்த்தாள்.

"ரொம்ப இருக்குதுங்க." அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கே டாக்டர பாக்கணும். மாத்திர போட்டா அடங்கிடும். கண்டிப்பா போவணும்ங்க."

"தனியா போவ ஒரு மாதிரியா இருக்குதுங்களே" என்றது ஹெல்மெட்.

"நானும் கூட வரேன்."

"நீங்க வந்தா... யாருன்னு கேப்பாங்களே?"

"பதினாலாம் நம்பரு சம்சாரம்னு சொல்லிக்கறேன், எழுந்திரிங்க!"

அவ்வளவுதான். பெஞ்சு வெடித்தது. அஞ்சு நிமிஷம் மௌனம் காத்து வைத்திருந்த பிபி எல்லாம் ஒரே நொடியில் எகிறிப் போயிருக்கும்! லூர்து மேரி சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ, மெசேஜ் தெருக்களிலிருந்து இன்னும் நாலைந்து பேர், "எங்களுக்கு மட்டும் அட்டை இல்லியா?" என்று சண்டைக்கு வந்தார்கள். வந்து வரிசையில் நின்றார்கள்.

"சோதனை மொத்தமா கெட்டுப்போச்சு" என்று நிவேதிதா டீயைக் குடித்துக்கொண்டே ஆனந்தமாகப் புலம்பினாள். அதையும் ஒளிக்காமல் அப்படியே எழுதுவாளாம். எந்த நிமிஷம் வரை ஒழுங்காக நடந்தது, எந்த நிமிஷம் ஹெல்மெட் வந்தது என்று.

முகாம் எங்கேயும் போகவில்லை. அதிகாரியே போன் செய்து சொல்லிவிட்டார். சவரிமுத்து மாத்திரை போடுகிறார். வேலைக்கும் போகிறார்.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை. நிவேதிதாவின் அலுவலகம் வீடியோவில் ஒரு நர்ஸம்மாவைக் கூப்பிட்டது. கடல் கடந்து ஏதோ ஒரு நாட்டில் செம்புச் சுரங்க ஊர். அங்கேயும் ஆண்கள் வருவதில்லையாம். லேப்டாப்பின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் லூர்து மேரி, நடுவில் மொழிபெயர்ப்புக்கு நிவேதிதா.

"எங்க ஊர்ல ரத்தம் எடுக்கணும்னா தனக்குப் பதிலா தம்பியை அனுப்பிடுவாங்க" என்றாராம் அந்த நர்ஸம்மா. "பாத்ரூம்ல தாப்பா போட்டுக்க மாட்டாங்களா?" என்று லூர்து மேரி கேட்டாள். மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், எங்கள் வீட்டு ஸ்பீக்கர் அதிர்ந்தது!

வீடியோவில் கூடவே இருந்த நிவேதிதாவின் மேலதிகாரி உற்சாகமாகிவிட்டார். அப்படியென்றால் இந்த டோக்கனை அங்கேயும் கொடுத்துவிடலாமே?

நர்ஸம்மா பதறிப்போய்க் கையை ஆட்டினார். ஐயோ, நம்பர் வேண்டவே வேண்டாம்! அங்கே சுரங்கத்தில் எல்லோரையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். நம்பர் என்றாலே கம்பெனி என்று ஓடிவிடுவார்களாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் நம்ம ஆள் என்று நம்பி வருவார்களாம்!

வடக்குத்தில் பெயர் பயம். அங்கே நம்பர் பயம்.

"அட்டையத் தூக்கிக்கினு போவாதீங்க சார்" என்றாள் லூர்து மேரி. "டீக்கடையில போயி ஒக்காந்து, இன்னாத்துக்குப் பயப்படறீங்கன்னு கேளுங்க. அதத் தூக்கிக்கினு போங்க."

அதை நிவேதிதா மொழிபெயர்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

லேப்டாப்பை மூடியதும் லூர்து மேரி பையிலிருந்து மிஷினை எடுத்தாள். "டீச்சர், ஊரு பூரா பாத்தாச்சு. நீங்க ஒரு தபாகூட கைய நீட்டலியே?"

எனக்கென்ன பயம்? ரிட்டயர் ஆனவள். கேட் பாஸ் கிடையாது, காண்ட்ராக்டர் கிடையாது, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் வீட்டிலேயே இருக்கிறேன். அதுவும் வாராவாரம் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறவள்! தாராளமாகக் கையை நீட்டினேன். பட்டை இறுகியது. மிஷின் உறுமியது. என் வாய் தானாகக் கேட்டது...

"லூர்து, பேரெல்லாம் எழுத வேணாம்ல?"